அலங்காரத் தண்டுக்கீரை பச்சையாகிப் போவது ஏன்?

வாங்கும்போது ரத்தச் சிவப்பு, வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் வெறும் பச்சை. மதுரையில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் அலங்காரத் தண்டுக்கீரை பற்றிச் சொல்லும் முதல் புகார் இதுதான். பழி விதை மேல் விழுகிறது. பெரும்பாலும் காரணம், வாரம் தவறாமல் ஊற்றும் கடலைப் புண்ணாக்குக் கரைசல்.

கீரை என்றதும் கை தானாக உரத்துக்குப் போகிறது. சமையலுக்கு வளர்க்கும்போது அது சரி, அங்கே வேண்டியது இலையும் தண்டும். இங்கே வேண்டியது நிறம். சிவப்பைத் தருவது பீட்டாசயனின் என்ற நிறமி. பீட்ரூட்டில் இருப்பதும் இதே வகைதான். புண்ணாக்கில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் இலை பெருத்து, பச்சையம் கூடிச் சிவப்பை மூடிவிடும். தண்டும் இளசாகவே நின்று சாயும். நிழலிலும் நிறம் ஏறாது. தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மதுரை வெயிலுக்கு அஞ்சுகிற செடி இல்லை இது, ஷேட் நெட்டுக்குக் கீழே வைத்துக் கெடுக்காதீர்கள்.

வீட்டுக்கு ஏற்றவை இரண்டு. அமராந்தஸ் ட்ரைகலர் இலைக்காக வளர்ப்பது. நுனி இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக விரியும். நாம் பொரியல் செய்யும் தண்டுக்கீரையும் இதே இனம்தான். அமராந்தஸ் காடேடஸ் பூங்கதிருக்காக. கருஞ்சிவப்புக் கதிர்கள் சடைக்குஞ்சம் போலத் தரையை நோக்கித் தொங்கும்.

செம்மண் மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. 12 அங்குலத் தொட்டிக்கு ஒரே செடி. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் நீர் தேங்கி வேர் அழுகும், அங்கே தரையில் வைப்பதானால் அரை அடி மேட்டுப்பாத்தி போடுங்கள். அதன் பிறகு உரமே வேண்டாம். செடி வளராமல் வெளிறி நின்றால் மட்டும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். ஏற்கெனவே பச்சையாகிவிட்டால் கரைசலை நிறுத்திவிட்டு வெயிலுக்கு நகர்த்துங்கள். பழைய இலை மாறாது, புதிதாக வரும் இலையில் நிறம் தெரியும்.

விதை கடுகைவிடச் சிறியது. பத்து மடங்கு மணலோடு கலந்து தூவி, மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மண் மூடினால் போதும். ஆழத்தில் விழுந்தது மேலே வராது. மக்கால் தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு அடித்துப் போகும், பூவாளிதான் சரி. எறும்பு விதையைத் தூக்கிவிடும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே செங்கல் வைத்து, அதன் மேல் நாற்றுத் தட்டை வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். அடித்தண்டு நூலாகச் சுருங்கி நாற்று கொத்தாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல்: நெருக்கமும் ஓயாத ஈரமும் செய்த வேலை. நெருக்கமாக நிற்கும் நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிட்டு, காலையில் மட்டும் நீர் விடுங்கள்.

நாலைந்து இலை வந்ததும், சுமார் மூன்று வாரத்தில், மாலை நேரத்தில் மண்ணோடு பெயர்த்து நடுங்கள். ஆணிவேர்ச் செடி, நாற்று முற்றினால் வேர் அறுந்து, செடி குட்டையாக நின்று சீக்கிரமே கதிர் தள்ளிவிடும். மார்கழியில் விதைத்தாலும் இதே கதி, பகல் குறுகினால் பூக்க அவசரப்படும் செடி இது. ஆடியில் விதைத்தால் நவராத்திரிக் கொலுவுக்கு வாசலில் நிறம் நிற்கும். ஆனால் அது அம்மியும் பறக்கும் காற்று. காடேடஸ் நாலைந்து அடி போகும், நடும்போதே மூங்கில் குச்சி ஊன்றுங்கள். பிறகு ஊன்றினால் வேரில் குத்தும். கட்டுவதற்குப் பூக்கடை வாழைநார் அருமை. தண்டை இறுக்காமல் எட்டு வடிவில் சுற்றுங்கள். காடேடஸின் நுனியைக் கிள்ளவும் வேண்டாம், நடுக்கதிர் போய்விடும்.

இலைகள் வெள்ளை நூலால் ஒட்டிக்கொண்டு மடிந்திருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே பச்சைப் புழு பச்சையத்தைச் சுரண்டி, கண்ணாடி போல் தோலை மட்டும் விட்டிருக்கும். பத்துத் தொட்டிக்கு மருந்து எதற்கு? மடிந்த இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சிறிது காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்கலாம். ஐப்பசி அடைமழையில் இலைக்கு அடியில் சுண்ணாம்பு தெறித்தது போல் புள்ளி வருவது வெள்ளைத் துரு. மேலே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, அந்த இலைகளை அகற்றுங்கள். தண்டு முடிச்சு முடிச்சாக வீங்கினால் உள்ளே கூன்வண்டுப் புழு இருக்கிறது; மருந்து போய்ச் சேராது, செடியைப் பிடுங்கி எரியுங்கள்.

இலையைச் சமைக்கலாமா என்றால், பூச்சி மருந்து படாத செடியாக இருந்தால் சமைக்கலாம். பாக்கெட் விதை இளஞ்சிவப்புப் பூச்சோடு வந்திருந்தால் அது மருந்திட்டது. கலைத்த நாற்றைக் கடையலில் போடாதீர்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆக்சலேட் மிகுந்த இந்தக் கீரையைத் தள்ளி வைப்பது நல்லது.

விதை எடுக்கிறீர்களா? கதிர் காயும்வரை காத்திருந்தால் பாதி உதிர்ந்து, அடுத்த மழைக்குத் தொட்டியெல்லாம் முளைக்கும். நிறம் இருக்கும்போதே உள்ளங்கையில் கதிரைத் தேயுங்கள். விதை உதிர்ந்தால் அறுத்து, காகிதத்தில் நிழலில் காயவைத்துப் புடையுங்கள். ட்ரைகலர் பக்கத்தில் சமையல் தண்டுக்கீரை பூத்திருந்தால் காற்றில் மகரந்தம் கலந்து, அடுத்த தலைமுறை கலப்பாக வரும். அதனால் கீரையைப் பூக்க விடாமல் முன்பே பறித்துவிடுங்கள்.