தூசியில் பதிந்த தடம்

பிறந்து கொஞ்ச காலமே ஆன விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசியும் பெரிய தட்டாகச் சுழன்றுகொண்டிருக்கும். கோள்கள் உருவாவது அதற்குள்தான். சாதாரணத் தொலைநோக்கியில் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. தூசி ஒளியை மறித்துவிடும். ஆனால் அந்தத் தூசியே, மைனஸ் 250 டிகிரி பக்கம் குளிர்ந்து கிடந்தாலும், மில்லிமீட்டர் நீள ரேடியோ அலைகளை வெளிவிடுகிறது. அவற்றைப் பிடித்தால் போதும்.

பிடிப்பதற்குத் தடை, நம் காற்றிலுள்ள நீராவி. அதனால்தான் ஆல்மா தொலைநோக்கி சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்துக்குப் போனது. மொத்தம் 66 டிஷ்கள். ஒவ்வொன்றுக்கும் வரும் அலையை மற்றவற்றோடு ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு, கணினி ஒரே படமாக்குகிறது. டிஷ்களை 16 கிலோமீட்டர் வரை பரப்பினால், அத்தனை அகலமான ஒரே டிஷ்ஷுக்கு உள்ள கூர்மை கிடைக்கும். (சிக்கும் அலை என்னவோ 66 டிஷ் அளவுதான். மணிக்கணக்கில் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.)

2014இல் 450 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்எல் டாரி என்ற விண்மீனை ஆல்மாவில் பார்த்தார்கள். தட்டு முழுக்க வளையங்கள், நடுநடுவே இருண்ட இடைவெளிகள். அந்த விண்மீனுக்கு வயது சுமார் 10 லட்சம் ஆண்டுதான். இவ்வளவு சீக்கிரமா கோள்கள் உருவாகின்றன என்று பலருக்கும் வியப்பு.

வளையம் எப்படி வருகிறது? வாயு தன் அழுத்தத்தால் தூசியைவிடச் சற்று மெதுவாகச் சுற்றும். தூசிக்கு அது எதிர்க்காற்று. வேகம் குறைந்து விண்மீனை நோக்கிச் சரியும். வளரும் கோள் தன் பாதையிலுள்ள வாயுவை ஒதுக்கினால், வெளி விளிம்பில் அழுத்தம் கூடும். அங்கே எதிர்க்காற்று நின்றுவிடும், தூசி குவியும். குவிந்த தூசிதான் அடுத்த கோளுக்கும் மூலப்பொருள் என்றால், முதல் கோள் எங்கிருந்து வந்தது? கோழியா முட்டையா கதைதான்.

சரி, இடைவெளி இருந்தாலே கோள் என்று சொல்லிவிடலாமா? கூடாது. காந்தப்புலமும் இடைவெளி உண்டாக்கலாம். எனக்கு வாயுவின் வேகம்தான் நம்பகமான சாட்சி. கார்பன் மோனாக்சைடு 1.3 மில்லிமீட்டர் அலையை உமிழும். நம்மை நோக்கி வரும் வாயுவின் அலை சற்றுச் சுருங்கும், விலகுவது நீளும். கோள் இருக்குமிடத்தில் இந்த வேகக் கோலம் கோணும். 2018இல் எச்டி 163296 விண்மீனின் தட்டில் அப்படியொரு கோணல் சிக்கியது.

பிடிஎஸ் 70 விண்மீனிடம் கோள்களே நேரடியாகத் தெரிந்தன. அவற்றில் ஒன்றைச் சுற்றித் தனியாக ஒரு குட்டித் தூசித்தட்டு இருப்பதை 2021இல் ஆல்மா தெளிவாகக் காட்டியது. அதிலிருக்கும் தூசியில் நம் நிலா அளவில் மூன்று செய்யலாம்.