ஈயம்னா எந்த ஈயம்? காரீயம், வெள்ளீயம்: ஒரு சொல் விளக்கம்

ஈயம்ங்கிற ஒரே சொல்ல நாம எத்தனை பொருளுக்கு ஒட்டுறோம்னு எண்ணிப் பாருங்க. பேட்டரிக்குள்ள இருக்கிற கனமான தகடு ஈயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்பக்கம் பளபளன்னு பூசியிருக்கிறதும் ஈயம். கையில எடுத்தா லேசா இருக்கிற அலுமினியச் சட்டியும் பேச்சுல ஈயச்சட்டி ஆயிடுது, பென்சிலுக்குள்ள இருக்கிற கருப்புக் குச்சிக்குக்கூட காரீயம்னு பேர் போட்டிருக்காங்க. இந்த நாலும் நாலு வேற தனிமம். மொதல்ல சொன்னது லெட், ரெண்டாவது டின், மூணாவது அலுமினியம், நாலாவது வெறும் கார்பன். இதுல ஒண்ணு உடம்புக்குள்ள போனா விஷம், இன்னொண்ணு அதே பாத்திரத்தக் காப்பாத்துற பூச்சு, ரெண்டுக்கும் ஒரே பேர வச்சுக்கிட்டு பேசுறது எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயம். அதுவும் தமிழ்ல சரியான சொல் இல்லன்னா பரவாயில்ல, ரெண்டுக்கும் தனித்தனியா அழகான பேர் இருக்கு: லெட்டுக்கு காரீயம், டின்னுக்கு வெள்ளீயம்.

சொல் எப்படி அமைஞ்சிருக்குன்னு மொதல்ல பாத்துருவோம். கருமை + ஈயம், மை போயி, கரு நீண்டு கார் ஆகி, காரீயம். வெண்மை + ஈயம் வெள் + ஈயம் ஆகி, தனிக்குறிலுக்குப் பக்கத்துல இருக்கிற மெய் உயிர் வந்தா இரட்டிக்கும்ங்கிற விதிப்படி வெள்ளீயம். கருப்பு ஈயம், வெள்ளை ஈயம், அவ்வளவுதான். மலையாளத்துலயும் இதே கணக்குதான், லெட் அங்க காரீயம், டின் வெளுத்தீயம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ரோமானியர்களும் இதே மாதிரிதான் பேர் வச்சிருக்காங்க. கி.பி. முதல் நூற்றாண்டுல எழுதின பிளினிங்கிற ரோமானிய எழுத்தாளர், லெட்ட பிளம்பம் நைக்ரம்னும் டின்ன பிளம்பம் ஆல்பம்னும் சொல்றார், பிளம்பம்ங்கிறது நம்ம ஈயம் மாதிரி லத்தீன் சொல், அதாவது கருப்பு பிளம்பம், வெள்ளை பிளம்பம். நம்ம காரீயம் வெள்ளீயத்தோட அச்சு அசலான ஜோடி. அங்கயும் இங்கயும் மனுஷங்க இது ரெண்டையும் ஒரே உலோகத்தோட ரெண்டு வகைன்னுதான் பாத்திருக்காங்க. பின்னால பிளம்பம்ங்கிறது லெட்டுக்கு மட்டும்னு ஆகி, அதுலருந்துதான் அதோட வேதியியல் குறியீடு பிபி (Pb) வந்துச்சு. டின்னோட குறியீடு எஸ்என் (Sn), அது ஸ்டேனம்ங்கிற லத்தீன் சொல், அந்தச் சொல்லும் ஆரம்பத்துல வெள்ளியும் லெட்டும் கலந்த ஒரு கலவைக்குத்தான் பேரா இருந்து, அப்புறமா டின்னுக்கு நகர்ந்து வந்திருக்கு. குழாய் ரிப்பேர் பண்றவர நாம பிளம்பர்னு கூப்பிடுறோமே, அதுக்குள்ளயும் இதே பிளம்பம்தான் இருக்கு, அன்னைக்குத் தண்ணிக் குழாய காரீயத்துலதான் செஞ்சாங்க.

ஏன் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சாங்க? காரணம் இருக்கு. ரெண்டுமே மெத்துனு இருக்கும், தட்டினா தகடாகும், ரெண்டுமே சாதாரண நெருப்புலயே உருகிடும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ்ல உருகும், காரீயம் 327ல. செம்பு உருக 1085 டிகிரி வேணும், இரும்புக்கு 1538, அதோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல, விறகு அடுப்பு போதும். கேக்கக் கூடாதத கேட்டா "காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்துன மாதிரி இருக்கு"ன்னு சொல்றோமே, அந்தப் பேச்சுக்குப் பின்னாடி இருக்கிறது இந்தக் குணம்தான், செம்பையோ இரும்பையோ அப்படி சுலபமா காய்ச்சி ஊத்த முடியாது. தனிம அட்டவணையிலயும் ரெண்டும் ஒரே நெடுவரிசைதான், 50ஆவது தனிமம் வெள்ளீயம், அதுக்கு நேர் கீழ 82ஆவது காரீயம். பழைய ஆளுங்க கண்ணால பாத்து ஒரே குடும்பம்னு சொன்னது முழுசா தப்பும் இல்ல.

ஆனா கையில வாங்கினா வித்தியாசம் உடனே தெரிஞ்சிடும். ஒரு லிட்டர் அளவுக்கு வெள்ளீயம் எடுத்தா ஏழேகால் கிலோ சொச்சம் இருக்கும், அதே அளவு காரீயம் 11 கிலோவத் தாண்டும். காரீயத்த புதுசா வெட்டினா நீலம் கலந்த மாதிரி ஒரு மினுமினுப்பு இருக்கும், கொஞ்ச நேரம் காத்து பட்டதும் மங்கி கருஞ்சாம்பல் ஆயிடும், அதான் கார். வெள்ளீயம் வருஷக்கணக்கா காத்துல கிடந்தாலும் வெள்ளி மாதிரியே இருக்கும், அதான் வெள். காரீயத்தால காகிதத்துல கோடு இழுத்தா சாம்பல் கோடு விழும். வெள்ளீயக் கம்பிய வளைச்சா கிரீச்சுன்னு ஒரு சத்தம் வரும், உள்ள இருக்கிற படிகங்கள் அமைப்பு மாறுறதால வர்ற சத்தம் அது, வெள்ளீயத்தோட அழுகைன்னே அதுக்குப் பேரு. இன்னொரு விசித்திரம், 13 டிகிரிக்குக் கீழ குளிர்ல ரொம்ப நாள் கிடந்தா சுத்தமான வெள்ளீயம் மெல்ல வேற வடிவத்துக்கு மாறி சாம்பல் நிறத் தூளா உதிர ஆரம்பிக்கும். வெள்ளீயம் வெள்ளையா இல்லாம போற ஒரே இடம் அதுதான்.

இப்ப பயன்பாடு. வெள்ளீயம் இல்லாம வெண்கலம் இல்ல, செம்போட பத்துல ஒரு பங்கு மாதிரி வெள்ளீயத்தக் கலந்ததாலதான் செம்பை விடக் கெட்டியான ஒரு உலோகம் கிடைச்சு ஒரு யுகத்துக்கே அது பேராச்சு. கண்ணாடித் தகடு செய்யிற இடத்துல உருகின கண்ணாடிய உருகின வெள்ளீயத்து மேல மிதக்க விடுறாங்க, அதனாலதான் ஜன்னல் கண்ணாடி ரெண்டு பக்கமும் அவ்வளவு சமமா இருக்கு. காரீயத்துக்கு இன்னைக்கு பெரிய வேலை ஒண்ணுதான், பேட்டரி, உலகத்துல பயன்படுற காரீயத்துல 80 சதவீதத்துக்கு மேல அதுக்குத்தான் போகுது, 1859ல காஸ்டன் பிளாண்டே கண்டுபிடிச்ச அதே லெட் ஆசிட் பேட்டரி. மிச்சம் எக்ஸ்ரே அறைச் சுவரு, மேல போட்டுக்கிற கவசம், குண்டு, எடைக்கல்லு இப்படிப் போகும்.

பாத்திரத்துக்கு "ஈயம் பூசுறது"ன்னு சொல்றப்ப அந்த ஈயம் வெள்ளீயம். அதை கலாய் பூசுறதுன்னும் சொல்வாங்க, அரபிலருந்து உருது வழியா வந்த சொல், அதுக்கும் டின்னுன்னுதான் அர்த்தம். புளிப்புப் பட்டா செம்பும் பித்தளையும் கரையும்ங்கிறதால நடுவுல இந்தப் பூச்சு. உலோகமா இருக்கிற வெள்ளீயத்த உடம்பு கிட்டத்தட்ட உறிஞ்சிக்கிறதே இல்ல. அந்த எடத்துல காரீயம் கலந்துட்டா கதையே வேற. காரீயம் உடம்புல கால்சியம் மாதிரி நடிச்சு எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கும், பல வருஷம் அங்கயே இருந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்கு வரும், குழந்தைங்களுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும், இந்த அளவு வரைக்கும் பரவாயில்லன்னு சொல்ல ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெட்ரோல்ல காரீயச் சேர்மம் கலக்குறத உலகம் முழுசா நிறுத்த 2021 வரைக்கும் ஆச்சு, கடைசியா நிறுத்தின நாடு அல்ஜீரியா. அதனாலதான் "ஈயம் பூசினது"ன்னு படிச்சிட்டு ஒருத்தர் ஐயோ விஷம்னு பயப்படுறதும், "ஈயம்தானே, பழைய காலத்துலருந்து இருக்கிறதுதானே"ன்னு இன்னொருத்தர் நிஜமான காரீயத்த அலட்சியமா தொடுறதும் ரெண்டுமே ஒரே சொல் குழப்பத்தோட ரெண்டு முனை. முன்னாடி ஒரு கார் சேர்க்கவோ ஒரு வெள் சேர்க்கவோ எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது.

ரெண்டும் சேர்ந்தே இருக்கிற இடமும் உண்டு, சால்டரிங் பண்ற கம்பி, தமிழ்ல பற்றாசு. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தா 183 டிகிரியிலயே உருகும், தனித்தனியா ரெண்டும் உருகுறத விடக் கம்மி. ஐரோப்பிய ஒன்றியம் 2006ல எலக்ட்ரானிக்ஸ் சாமான்ல காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்ததும் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த பற்றாசுக்கு மாறினாங்க, அது உருக கிட்டத்தட்ட 217 டிகிரி வேணும். லெட் ஃப்ரீன்னு போட்டிருக்கிறத "ஈயம் இல்லாதது"ன்னு மொழிபெயர்த்தா நூத்துக்கு 96 பங்கு வெள்ளீயம் இருக்கிற கம்பிய ஈயமே இல்லன்னு சொன்ன மாதிரி ஆயிடும், காரீயம் அற்றதுன்னு எழுதணும்.

தகரம்னு சொன்னா ஆகாதான்னு கேப்பீங்க. தெலுங்குல டின்னுக்கு தகரம்தான் பேரு, தமிழ் அகராதியிலயும் அந்தப் பொருள் இருக்கு. ஆனா இன்னைக்கு தகரம்னா நம்ம மனசுல வர்றது ஷீட்டு. டப்பாத் தகரம்னா இரும்புத் தகடு மேல ரொம்ப மெல்லிசா வெள்ளீயம் பூசினது, கூரைத் தகரம்னா பெரும்பாலும் துத்தநாகம் பூசினது, வெள்ளீயமே கிடையாது. சங்க இலக்கியத்துல பாத்தா தகரம்ங்கிறது கூந்தல்ல பூசுற வாசனைப் பொருள். இத்தனை வேலை பாக்குற சொல்ல தனிமத்தோட பேராவும் வைக்க வேணாம்ங்கிறது என் கருத்து, தகட்டுக்கே இருக்கட்டும். நாகம்ங்கிற பழைய உலோகப் பேரு இன்னும் ஆபத்து. ஆயுர்வேதத்துல நாகம்னா லெட், சித்த மருத்துவத்துல நாகம்னா துத்தநாகம், பழைய மருந்துச் சுவடியப் படிக்கிறவங்க இது எந்த வைத்திய முறைன்னு பாக்காம அர்த்தம் எழுதவே கூடாது.

ஈயம்ங்கிற வேர்ச்சொல் எங்கருந்து வந்துச்சுன்னா, சமஸ்கிருதத்துல லெட்டுக்கு சீசம், தெலுங்கு கன்னடத்துலயும் அதே சொல்தான், அது பிராகிருதம் வழியா வந்து முதல் எழுத்து தேஞ்சு ஈயம் ஆச்சுன்னு ஒரு சாரார் சொல்றாங்க, தமிழ் வேர்தான்னு இன்னொரு சாரார் சொல்றாங்க. எது எப்படியோ, கார், வெள் ரெண்டும் நம்ம சொல்லு, பிரிச்சுக் காட்டுற வேலையச் செய்யிறதும் அதுங்கதான்.

ஏமாந்து மாட்டிக்கிற இடம் ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு. பெயிண்ட் பத்தி எழுதுறப்ப ஒயிட் லெட்னு ஒண்ணு வரும், அத நேரா வெள்ளீயம்னு எழுதிடாதீங்க. அது காரீயத்தோட கார்பனேட் சேர்மம், வெள்ளைப் பொடி, முழுக்க விஷம், தமிழ்ல ஈயவெள்ளைன்னு சொல்லலாம். வெள்ளை முன்னாடி வந்தா ஒரு பொருள், பின்னாடி போனா வேற பொருள். பென்சில் விஷயமும் இதே கதைதான், பென்சில் குச்சியில இருக்கிற கிராஃபைட்ட மொதல்ல பாத்தவங்க அத ஒரு வகை லெட்டுன்னு நெனச்சதால இங்கிலீஷ்ல பென்சில் லெட்னு நின்னுபோச்சு, நாமளும் அத காரீயம்னு ஆக்கிட்டோம். பென்சில் முனையக் கடிச்ச குழந்தைக்கு காரீய விஷம் ஏறாது, அது கரி. எழுதுகரின்னு ஒரு நல்ல சொல் அதுக்கு ஏற்கெனவே இருக்கு.