சருகை அள்ளாத காடு

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் இருக்கிறது. வெயிலில் காயும் தார்ச்சாலையை விட்டு அதைச் சுற்றியுள்ள காட்டுக்குள் பத்தடி வைத்தால் போதும், காற்றே குளிர்ந்துவிடும்.

கோயில் காட்டில் கத்தி படக்கூடாது, சுள்ளிகூடப் பொறுக்கக்கூடாது என்பார்கள். மீறினால் ராத்திரி குதிரையேறி வருகிற ஐயனார் சும்மா விடமாட்டார். மரம் பிழைத்தது இந்தப் பயத்தால்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய காரியம் சருகு பிழைத்தது.

கையால் விலக்கிப் பாருங்கள். மேலே மொறுமொறுவென்று காய்ந்த இலை. அதற்கடியில் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிய இலைகள், நூல்நூலாக வெள்ளைப் பூஞ்சை. அதற்கும் கீழே கறுத்த மண்.

சோழமண்டலக் கரையில் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. அப்படியும் இந்தக் காடு மொட்டையாவதில்லை. வீரை, உலக்கைப்பாலை, காசா போன்ற மரங்களின் இலைகள் தோல்போலத் தடித்தவை. நீரை எளிதில் விடாது. வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு என்று தாவரவியலில் இதற்குப் பெயர். (காசாதான் பழைய பாட்டுகளின் காயா. திருமாலுக்கு நிறம் கொடுத்த காயாம்பூ இதில்தான் பூக்கிறது.)

பெரிய மரம் தாங்கும். விதை? புளியங்கொட்டையைப் பரணில் போட்டு வைத்தாலும் அடுத்த வருஷம் முளைக்கும். நாவல் கொட்டை அப்படியில்லை. உள்ளீரம் வற்றினால் உயிரும் போய்விடும். சேர்த்து வைக்க முடியாத விதை அது. ஆனி, ஆடி வாக்கில் பழுத்து, பறவையும் பழந்தின்னி வௌவாலும் போட்டுவிட்டுப் போகும் கொட்டை சருகுக்குள் விழுந்தால் முளைக்கும், வெறுந்தரையில் விழுந்தால் வெயிலில் வறுபடும்.

1968-இல் பக்கத்துச் செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கியபோது அது பெரும்பாலும் பொட்டல். பின்னாளில் இந்த மண்ணுக்குரிய காட்டை அங்கே மீட்க முனைந்தவர்களுக்கு விதை கொடுத்தவை இதுபோன்ற கோயில் காடுகள்தான்.

இப்போது கோடரியைவிட எனக்குத் துடைப்பத்தைக் கண்டால்தான் பயம். திருப்பணி என்று தொடங்கி, சிமெண்டுத் தளம் போட்டு, சருகைக் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்கள். கிழட்டு மரங்கள் கம்பீரமாக நிற்கின்றன. அடியில் ஒரு சாண் உயரக் கன்று ஒன்றுகூட இல்லை. அதனால் எந்தக் கோயில் காட்டுக்குப் போனாலும் அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் குனிந்து தரையைப் பார்க்கிறேன்.