தண்ணீர் குடிக்காத எலியின் மூக்கு

பள்ளி ஆசிரியை ஒருவர் அனுப்பியிருந்த கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு என்று அவர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். உடனே ஒரு மாணவி எழுந்து, "கொழுப்பு எரியும்போது தண்ணீர் உண்டாகும் என்று நீங்கள்தானே டீச்சர் சொன்னீர்கள்? அப்படியானால் திமிலும் ஒரு தண்ணீர்த் தொட்டிதானே?" என்று கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வியும்கூட.

ஒரு கிராம் கொழுப்பு உடலில் முழுமையாக எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்றே அதிகமாக, அதாவது 1.07 கிராம் தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் அதை எரிக்க ஏறத்தாழ 2 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். உள்ளிழுக்கும் காற்றின் கொள்ளளவில் சுமார் 5 விழுக்காட்டைத்தான் நுரையீரல் ஆக்சிஜனாக எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால், 40 லிட்டர் காற்றை இழுத்து வெளியே விட்டாக வேண்டும். நுரையீரலின் ஆழத்தில் காற்று எப்போதும் உடல் வெப்பத்திலும் முழு ஈரத்திலும் இருக்கும். 38 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்று 46 மில்லிகிராம் நீராவியைச் சுமக்கும். பாலைவனத்தின் வறண்ட காற்றை இழுத்து, அதை அப்படியே 38 டிகிரியில் வெளியே விட்டால், 40 லிட்டரில் 1.8 கிராம் தண்ணீர் போய்விடும். வரவு 1.07, செலவு 1.8. எனவே திமில் தண்ணீர்த் தொட்டி ஆகாது. அது உணவுக் கிடங்கு மட்டுமே.

ஆயினும் இந்தக் கணக்கில் "அப்படியே 38 டிகிரியில்" என்று ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனியுங்கள். அந்த நிபந்தனையை மாற்றிக்காட்டிய விலங்கு ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில், அரிசோனா, கலிபோர்னியா, வடக்கு மெக்சிகோ பகுதிகளில் வாழும் கங்காரு எலி அது. கங்காருவுக்கும் இதற்கும் உறவில்லை. நீண்ட பின்னங்கால்களால் தத்திச் செல்வதால் வந்த பெயர். இது தண்ணீர் குடிக்காமலேயே காய்ந்த விதைகளைத் தின்று வாழக்கூடியது. நார்வேயில் பிறந்த உடலியங்கியலாளர் நட் ஷ்மிட்-நீல்சனும், டென்மார்க்கில் பிறந்த போடில் ஷ்மிட்-நீல்சனும் 1940-களின் பிற்பகுதியில் அரிசோனாவில் இதை ஆராய்ந்து, ஒரு வீட்டின் வரவுசெலவைப் போல எழுதிவைத்தார்கள். 100 கிராம் பார்லி, ஏறத்தாழ ஒரு மாத உணவு. அது எரிவதால் கிடைக்கும் தண்ணீர் 54 கிராம். பார்லியிலேயே ஒட்டியிருக்கும் ஈரம் 6 கிராம். மொத்த வரவான 60 கிராமில் 44 கிராம் மூச்சிலும் தோலிலும் ஆவியாகிறது. மிச்சம் 16 கிராமில் சிறுநீரும் மலமும் முடிந்துவிட வேண்டும். இந்த எலியின் சிறுநீரகம் குருதியைவிடச் சுமார் 14 மடங்கு செறிவான சிறுநீரை உண்டாக்குவதால் அது முடிகிறது. நமக்கு உச்சவரம்பு 4 மடங்கு.

எல்லோரும் வியப்பது அந்தச் சிறுநீரகத்தை. நான் வியப்பது மூக்கை.

குளிர்ந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மூக்கருகே பிடித்து மூச்சு விட்டுப் பாருங்கள். அதில் படியும் மெல்லிய பனிப்படலம் நீங்கள் இழந்த தண்ணீர். அந்த டம்ளர் மூக்குக்கு உள்ளேயே இருந்திருந்தால் தண்ணீர் வெளியே போயிருக்காது. கங்காரு எலியின் மூக்கில் நடப்பது அதுதான். வறண்ட காற்று உள்ளே நுழையும்போது மூக்கின் ஈரமான சுவர்களிலிருந்து நீர் ஆவியாகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே சுவரும் குளிர்ந்துவிடுகிறது. காற்று உள்ளே போகப் போகச் சூடேறி, ஈரமேறி, நுரையீரலை அடைகிறது. அது திரும்பி வருகையில், சற்று முன் தானே குளிர்வித்துவிட்டுப் போன அதே சுவர்களை உரசிக்கொண்டு வர வேண்டும். சூடான காற்று குளிர்கிறது; குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாததால் நீர் மறுபடியும் சுவரிலேயே படிகிறது. அடுத்த மூச்சு அந்த நீரைக் கடனாக எடுத்துக்கொண்டு உள்ளே செல்கிறது. காற்று வறண்டிருந்தால், இந்த எலியின் வெளிமூச்சு உடலைவிட மட்டுமல்ல, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும். நமக்கும் இதே ஏற்பாடு உண்டு. ஆனால் நம் மூக்கின் வழி அகலமானது, நடுவில் செல்லும் காற்று சுவரைத் தொடுவதில்லை. எலியின் மூக்கிலோ வழிகள் அத்தனை குறுகலானவை, காற்று முழுவதும் சுவரை உரசியே தீர வேண்டும்.

இப்போது பழைய கணக்குக்குத் திரும்புவோம். வெளிமூச்சு 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஒரு லிட்டர் காற்று 23 மில்லிகிராம் நீரையே எடுத்துச் செல்லும். 40 லிட்டருக்கு 0.92 கிராம். நஷ்டம் லாபமாகிவிட்டது. இதில் இன்னொரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்து 0.56 கிராம் தண்ணீரையே தருகிறது, கொழுப்பில் பாதிதான்; ஆனால் அதற்கு வேண்டிய ஆக்சிஜன் 0.83 லிட்டர் மட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தால் மாவுச்சத்தே மேல். புரதம் இரண்டையும்விட மோசம், அதன் கழிவான யூரியாவைக் கரைத்து வெளியேற்றவும் தண்ணீர் வேண்டும். புரதம் மிகுந்த சோயாவை மட்டும் கொடுத்தபோது கங்காரு எலிகளால் தண்ணீரின்றித் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அப்போது அவற்றுக்குக் கடல்நீரைக் கொடுத்தார்கள், அதைக் குடித்துப் பிழைத்தன. ஆக, காய்ந்த புல்விதைகளைத் தின்பது இந்த எலிக்கு வாய்ருசி மட்டுமல்ல, அதன் தண்ணீர்க் கொள்கையும் அதுவே.

இந்த மூக்குக்கு ஒரு விலை உண்டு. மூச்சில் நீரை மீட்கும்போது வெப்பமும் உடலுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. எனவே நாயைப் போல இரைத்து உடலைக் குளிர்விக்கும் வழி இதற்கு இல்லை; வெப்பம் உயிருக்கே ஆபத்தாகும்போது எச்சில் வடித்துத் தாடையையும் கழுத்தையும் நனைத்துக்கொள்வதே கடைசி உபாயம். அதனால்தான் பகல் முழுவதும் வளைக்குள் ஒடுங்கி, இரவில் மட்டும் வெளியே வருகிறது. வளைக்குள் ஈரப்பதம் அதிகம். அங்கே சேர்த்து வைத்த விதைகளும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன.

"எலியின் மூக்கை அளக்க எதற்குப் பணம்?" என்று கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். மருத்துவமனைகளில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரின் குழாயில் ஒரு சிறு வடிகட்டி பொருத்துவார்கள். வெளிமூச்சின் ஈரத்தைப் பிடித்து உள்மூச்சுக்குத் திருப்பித் தருவது அதன் வேலை. எலி மூக்கின் அதே தத்துவம். பயன் இருக்குமா என்று முதலிலேயே கேட்டுப் பணம் ஒதுக்கும் வழக்கம் அடிப்படை அறிவியலின் கழுத்தை நெரிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்த மாணவிக்கு இன்னும் ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இதே குடும்பத்தின் வேறோர் இனம், உளிப்பல் கங்காரு எலி, விதையைவிட இலையையே நம்பி வாழ்கிறது. அது தின்பது நம் உப்பளங்களில் வளரும் உமரியின் உறவான ஓர் உப்புச்செடியின் இலை. அதன் மேல்தோலில் உப்பு நிறைந்திருக்கும், உள்ளே சாறு. தட்டையான கீழ்ப்பற்களில் இலையை வைத்து, முன்னங்கால்களால் இழுத்து, இருபுறமும் உப்புத் தோலைச் சீவிப் போட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் தின்கிறது. அதன் சிறுநீரகம் விதை தின்னும் உறவினருடையதைப் போல அவ்வளவு செறிவூட்டும் திறன் கொண்டதல்ல. அந்த வேலையைத்தான் பல் செய்துவிடுகிறதே.