இன்ஸ்பெக்டர் லாக்புக்கைக் கேட்கும்போது

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி இருக்கும். எங்களிடமே விமானம் ஓட்டப் படித்து, இங்கே அமெரிக்காவில் அடுத்த கவுண்டியில், அதாவது பக்கத்து மாவட்டத்தில், ஒரு சின்ன ஃபிளைட் ஸ்கூலில் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவன் போன் செய்தான். மதுரைப் பையன். "அண்ணா, என் ஸ்டூடன்ட் ரன்வேயை விட்டுப் புல்லுக்குள்ள போயிட்டான்."

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கக் காற்றில் செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் விலகி ஓடி, ரன்வே ஓரத்து விளக்கு ஒன்றை மட்டும் உடைத்திருந்தது. பையன் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாக வேறு ஊருக்குப் பறந்துபோகும் சோலோ கிராஸ் கன்ட்ரி அது. கட்டுப்பாட்டு டவர் உள்ள விமான நிலையம் என்பதால் தகவல் அப்போதே அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வுக்குப் போய்விட்டது. இவனுடைய பயம் அதுவல்ல. மாணவன் தனியாகப் பறக்கலாம் என்று இன்ஸ்ட்ரக்டர் அவனுடைய லாக்புக்கில், அதாவது பறப்புப் பதிவேட்டில், எழுதிக் கையெழுத்துப் போடும் 90 நாள் சோலோ எண்டார்ஸ்மென்ட் நான்கு நாளைக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. "லாக்புக் இப்ப என்கிட்டதான்ணா இருக்கு. தேதியை மட்டும்..." என்று இழுத்தான்.

பேனாவைக் கீழே வை என்றேன்.

அமெரிக்காவில் பல வருடங்களாகப் பயிற்சி கொடுக்கிறேன். இன்ஸ்ட்ரக்டருக்கும் எஃப்.ஏ.ஏ. இன்ஸ்பெக்டருக்கும் நடக்கும் தகராறுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் பிறக்கின்றன. பறந்ததில் நடந்த தவறு சின்னதாக இருக்கும். அதற்குப் பிறகு காகிதத்திலோ பேச்சிலோ செய்வதுதான் பெரிதாகிவிடும். காலாவதியான எண்டார்ஸ்மென்ட் ஒரு கவனக்குறைவு. தேதியை மாற்றி எழுதினால் அது விதிகள் சொல்லும் பொய்ப்பதிவு. அதற்கு உரிமமே ரத்தாகலாம். அப்படி ரத்தானால், பொதுவாக ஒரு வருடம் வரை எந்த உரிமத்துக்கும் திரும்ப விண்ணப்பிக்கக்கூட முடியாது. நான்கு நாள் தவறை மறைக்க ஒரு வருடத்தைப் பணயம் வைப்பானேன்?

2015 முதல் எஃப்.ஏ.ஏ.வின் போக்கே கொஞ்சம் மாறியிருக்கிறது. வேண்டுமென்று செய்யாத தவறு, ஒத்துழைக்கிற ஆள், திருத்திக்கொள்ள முடிகிற விஷயம் என்றால் தண்டனைக்குப் பதில் கூடுதல் பயிற்சியோடு முடித்துவிடப் பார்க்கிறார்கள். பொய் சொன்னால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். பழைய கதைகளைக் கேட்டு வளர்ந்த இன்ஸ்ட்ரக்டர்கள் இதை நம்பமாட்டேன் என்கிறார்கள். வட்டார அலுவலகத்தை, அதாவது நாங்கள் 'ஃபிஸ்டோ' என்று சொல்வதை, போலீஸ் ஸ்டேஷன் மாதிரியே பார்க்கிறார்கள்.

அன்று இரவே அவனையும் மாணவனையும், நடந்ததை நாசாவுக்குப் பாதுகாப்பு அறிக்கையாகத் தனித்தனியாக எழுதி அனுப்பச் சொன்னேன். 1976-இலிருந்து இருக்கிற திட்டம் இது. 10 நாளுக்குள் அனுப்பினால், தவறு வேண்டுமென்று செய்ததாக இல்லாத பட்சத்தில், விதிமீறல் உறுதியானாலும் எஃப்.ஏ.ஏ. பொதுவாகத் தண்டனை விதிக்காது. பெரிய விபத்துக்கும் குற்றச் செயலுக்கும் இது பொருந்தாது. அதை அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைக்கவேண்டும். நம் ஆட்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே பதினோராவது நாள்தான் தெரியவருகிறது.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் விமானம் நிறுத்தும் ஹேங்கருக்கே வந்தார். தம்பி கேட்டுக்கொண்டதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, முதல் வேலையாக ஒரு தாளை நீட்டினார். விசாரணை எதைப் பற்றியது, பதில் சொல்வது கட்டாயமில்லை, சொன்னால் அது சாட்சியாகலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. இந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2010-இல் ஓக்லஹோமா செனட்டர் ஜிம் இன்ஹோஃப் டெக்சாஸில் மூடியிருந்த ரன்வேயில் விமானத்தை இறக்கிவிட்டார். ஆட்கள் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவரும் உரிமம் பெற்ற இன்ஸ்ட்ரக்டர்தான். கூடுதல் பயிற்சியோடு விஷயம் முடிந்தது. ஆனால் விசாரணைக்கு உட்படுகிறவனுக்குக் கையில் ஒன்றும் இல்லை என்பதை அனுபவத்தில் பார்த்தவர், பைலட்டுகளின் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 2012-இல் அது நிறைவேறியது. மூடிய ரன்வேயில் இறங்கியவர் எழுதிய சட்டம் என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், அந்தத் தாள் இன்று நமக்கு உதவுகிறது.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். லாக்புக்கையும் உரிமத்தையும் முறையாகக் கேட்டால் காட்டியே ஆகவேண்டும். யாருக்கு எப்போது சோலோ எண்டார்ஸ்மென்ட் கொடுத்தோம் என்ற பதிவை இன்ஸ்ட்ரக்டர் 3 வருடம் வைத்திருக்கவேண்டும் என்பதும் விதி. காட்டுவது வேறு, கொடுத்துவிட்டு வருவது வேறு. உரிம அட்டையைப் பார்க்கக் கொடுங்கள், பார்த்து முடித்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி தேதி விஷயத்தை அப்படியே ஒப்புக்கொண்டான். இன்ஸ்பெக்டர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். "எவ்வளவு காற்று வரை மாணவன் பறக்கலாம் என்று எண்டார்ஸ்மென்ட்டில் காற்று வரம்பு எழுதவில்லையே, அதுவும் விதிமீறல்தானே?" என்றார். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படி எந்த விதியும் இல்லை என்று குரலை உயர்த்தினான். நான் அவன் முழங்காலைத் தட்டிவிட்டு, விதிப்புத்தகத்தில் 61.195-ஐத் திறந்து மேசை மேல் வைத்தேன். மாணவனின் லாக்புக்கில் எழுதுகிற வரம்புகள், பாதுகாப்புக்குத் தேவை என்று இன்ஸ்ட்ரக்டர் கருதுகிற வரம்புகள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அவர் கண்ணாடியைச் சரிசெய்து இரண்டு முறை படித்தார்.

"சரி, கட்டாயம் இல்லை" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனால் அன்றைக்குக் காற்றைப் பற்றி யோசித்தீர்களா?" என்று கேட்டார்.

தம்பியிடம் அதற்குப் பதில் இல்லை. விதி எங்கள் பக்கம், நியாயம் அவர் பக்கம். அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை. அவன் நல்லவேளையாக மூடிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் எப்போதும் சரி என்று சொல்ல வரவில்லை. ஒரு அலுவலகத்தில் செல்லும் என்பதை அடுத்த அலுவலகம் செல்லாது என்பதை நானே பார்த்திருக்கிறேன். வாய்வார்த்தையாகக் கிடைத்த அனுமதிக்குக் காகிதம் இல்லையென்றால் அது அனுமதியே இல்லை. கருத்து வேறுபாடு இருந்தால் எந்த விதி, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேட்கலாம். அவருடைய மேலாளரிடம் போகலாம். எஃப்.ஏ.ஏ. தலைமைச் சட்ட அலுவலகத்திடம் எழுத்துபூர்வமான விளக்கம் கேட்கலாம். அவர்கள் ஏற்கெனவே கொடுத்த விளக்கங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஹேங்கர் வாசலில் நின்று கத்துவதால் இதில் எதுவும் நடக்காது.

ஒரு சொல்லின் பொருளுக்காகவே ஊரெல்லாம் பதறியதும் உண்டு. ஃபுளோரிடாவில் வார்பேர்ட் அட்வென்சர்ஸ் என்ற நிறுவனம் இரண்டாம் உலகப்போர் கால பி-40 விமானத்தில் கட்டணம் வாங்கிப் பயிற்சி கொடுத்தது. அந்த வகை விமானத்தில் கட்டணத்துக்கு ஆள் ஏற்றக் கூடாது, பயிற்சியும் அதில் அடங்கும் என்று சொல்லி 2020-இல் எஃப்.ஏ.ஏ. தடை போட்டது. 2021 ஏப்ரலில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் எஃப்.ஏ.ஏ. பக்கம் நின்றது. அதோடு போகவில்லை. அதே வாதத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஜூலையில் எக்ஸ்பெரிமென்டல் விமானங்களுக்கும் கை நீட்டினார்கள். சொந்தமாகக் கட்டிய விமானத்தில் கட்டணம் வாங்குகிற இன்ஸ்ட்ரக்டரிடம் பாடம் கேட்க, உரிமையாளரே தனி அனுமதிக் கடிதம் வாங்கவேண்டும் என்றார்கள். தன் விமானத்தைப் பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொள்ள ஒருவன் மனு போடவேண்டுமா என்று பைலட் சங்கங்கள் கொதித்தன. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் பாதுகாப்புத் துறைச் சட்டத்தோடு சேர்த்து ஒரு பிரிவை நிறைவேற்றிச் சரிசெய்தது. அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர் ஜேம்ஸ் இன்ஹோஃப். அதே மனிதர்தான்.

நம் தம்பியின் விஷயம் அந்த அளவுக்குப் போகவில்லை. வேறொரு இன்ஸ்ட்ரக்டரிடம் எண்டார்ஸ்மென்ட் விதிகளைப் பற்றி மூன்று மணி நேரம் உட்காரச் சொன்னார்கள், மாணவனுக்குப் பக்கக் காற்றில் தரையிறங்கும் பயிற்சி. ஒரு கடிதத்தோடு முடிந்தது. உடைந்த விளக்குக்கு ஸ்கூல் பணம் கட்டியது.

சில மாதம் கழித்து அதே இன்ஸ்பெக்டர் எங்கள் விமான நிலையத்தில் பாதுகாப்புக் கூட்டம் நடத்த வந்தார். திரையில் காட்டிய முதல் படம் பெயர் மறைத்த ஒரு லாக்புக் பக்கம், தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நம் ஆள் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் காபி மேசையில் இருவரும் காற்று வரம்பு எட்டு நாட் வேகமா பத்து நாட் வேகமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.