பெயருக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

மேற்கு மாம்பலத்தில் வீணை சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவரின் இணையதளப் பெயர் போன வருடம் கைமாறிவிட்டது. ஆண்டுக் கட்டணம் கட்டவில்லை. நினைவூட்டல்கள் எல்லாம் அவர் திறக்காத ஒரு பழைய மின்னஞ்சலில் தூங்கின. "காசு கொடுத்து வாங்கிய பெயர் எப்படிப் போகும்?" என்று என்னிடம் கேட்டார். டொமைன் பெயரை யாரும் வாங்குவதில்லை, டீச்சர். குத்தகைக்கு எடுக்கிறோம், ஒரு முறைக்கு 10 ஆண்டுகளுக்கு மேல் தரவும் மாட்டார்கள்.

கெடு தப்பினால் கதை அடகுக் கடைக் கதைதான். டாட் காம் பெயர் என்றால், நமக்குப் பெயரைப் பதிந்து தந்த பதிவு நிறுவனம் 45 நாள் வரை பொறுக்கலாம். அடுத்த 30 நாள் மீட்புக் காலம்: பழைய உரிமையாளர் மட்டும், தண்டம் போல ஒரு கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன்பின் 5 நாள் யாரும் தொட முடியாது. பிறகு, டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் வெரிசைன் நிறுவனம் அதிலிருந்து பெயரை நீக்கும். நீக்கிய நொடியில், காத்திருக்கும் கணினி நிரல்கள் அதன்மேல் பாயும். நாம் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஜெயிக்கிற பந்தயம் அல்ல அது. நல்ல பெயர்கள் அதுவரை வருவதும் அபூர்வம். பதிவு நிறுவனங்களே முன்கூட்டி ஏலம் விட்டுவிடுகின்றன. டீச்சரின் பெயர் அப்படித்தான் போனது. அவர் வெட்கப்பட வேண்டியதில்லை: 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட்டே, தன் ஹாட்மெயிலுக்குள் நுழையும் வழியான பாஸ்போர்ட் டாட் காமுக்குப் பணம் கட்ட மறந்து, ஹாட்மெயில் தடுமாறியது. சம்பந்தமில்லாத ஒரு நிரலாளர்தான் 35 டாலர் கட்டி உதவினார்.

வீணை வகுப்பின் பெயர் யாருக்கு எதற்கு? தளத்துக்காக அல்ல, அதைச் சுட்டும் இணைப்புகளுக்காக. மற்ற தளங்கள் ஒரு பக்கத்தைச் சுட்டுவதை அதன் மதிப்புக்கு அடையாளமாகக் கொண்டுதான் கூகுளின் வரிசைமுறை பிறந்தது. சபாவும் நாளிதழும் டீச்சருக்குக் கொடுத்திருந்த இணைப்புகள், ஆள் மாறியது தெரியாமல் அங்கேயே நிற்கின்றன. இப்படிப் பழைய நற்பெயரில் சரக்கில்லாத பக்கங்களை ஏற்றுவது ஸ்பேம் என்று கூகுள் 2024 மார்ச்சில் அறிவித்தது. ஏலம் என்னவோ ஓயவில்லை.

அவருக்கு மாற்றுப் பெயர் தேடினேன். அழகான, சிறிய தமிழ்ச் சொல் ஒன்று மலிவாகக் கிடந்தது. மலிவு என்றாலே எனக்குச் சந்தேகம். மனை வாங்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல, இணையதளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதன் பழைய முகங்களைப் புரட்டினேன். முதலில் ஒரு கல்யாண மண்டபம், வாழைமரம் கட்டிய வாசல். சில வருடம் வெற்றுப் பக்கம். பிறகு திடீரென்று ஜப்பானிய எழுத்தில் கைக்கடிகார விற்பனை. சுட்டிய இணைப்புகளின் சொற்களோ மாத்திரையும் சூதாட்டமும். மூடிவிட்டேன். சொல் சுத்தமாக இருந்தாலும், அது வேறொருவரின் வணிக முத்திரையா என்பதையும் பார்த்தாக வேண்டும். வழக்கில் பெயரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

கடைசியில் யாரும் தொடாத புதிய டாட் இன் பெயர் ஒன்றைப் பதிந்தோம். சபாவின் பழைய நிகழ்ச்சிப் பக்கத்தில் டீச்சரின் பெயரைத் தொட்டால் இன்னமும் ரம்மிச் சீட்டுகள்தான் விரிகின்றன.