ஜெனரல்: தளபதியா, தானைத் தலைவரா?

1803 செப்டம்பர் 23 அன்று அசாயே என்ற ஊரில் மராட்டியப் படையை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லியை (பின்னாளின் வெலிங்டன்) ‘ஆங்கிலேயரின் தலைமைத் தளபதி’ என்று எழுதிவிடுகிறோம். அன்று அவர் மேஜர் ஜெனரல். மதராஸ் படையின் தலைமைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். இந்தியா முழுமைக்கும் ஜெரார்டு லேக். ஜெனரல் என்பது தரம், தலைமைத் தளபதி என்பது பொறுப்பு. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டியதில்லை.

சொல்லின் வேர் இலத்தீன். ‘கெனுஸ்’ என்றால் இனம், வகை. ‘கெனெராலிஸ்’ என்றால் இனம் முழுமைக்கும் உரியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலப் படைக்குள் வந்தபோது இது பெயரடைதான். ‘கேப்டன் ஜெனரல்’ என்றால் படை முழுவதற்குமான தலைவர். அவருக்கு அடுத்தவர் லெப்டினன்ட் ஜெனரல், மூன்றாமவர் சார்ஜென்ட் மேஜர் ஜெனரல். 1645இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அமைத்த புதிய படையில் பேர்பாக்ஸ், கிராம்வெல், ஸ்கிப்பன் ஆகியோர் இந்த வரிசையில்தான் இருந்தார்கள். பிறகு முதற்பெயரில் ‘கேப்டன்’ உதிர்ந்தது, மூன்றாவதில் ‘சார்ஜென்ட்’ உதிர்ந்தது. லெப்டினன்டைவிட மேஜர் பெரியவராக இருந்தும், மேஜர் ஜெனரலைவிட லெப்டினன்ட் ஜெனரல் பெரியவரானது இதனால்தான். மொழிபெயர்ப்பில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுவது வழக்கமான பிழை.

இந்தத் தரத்தை எட்டும் வழியை வெல்லெஸ்லியின் பணிவரலாறு நன்றாகக் காட்டும். 1787இல் என்சைன் (அதிகாரிகளில் கடைசிப் படி). 1793இல் அண்ணனிடம் கடன் வாங்கி மேஜர் பதவியையும், அதே ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் பதவியையும் விலைக்கு வாங்கினார், வயது 24. காலாட்படையில் பதவி விற்பனை அந்தப் படிவரைதான் (1871இல் இம்முறை ஒழிந்தது). அதற்கு மேல் பணிமூப்புதான் கணக்கு: 1796இல் கர்னல், 1802 ஏப்ரல் 29இல் மேஜர் ஜெனரல். அந்த அறிவிப்பு கடல்வழியே இந்தியாவிலிருந்த அவருக்குக் கிடைக்கப் பல மாதங்கள் ஆயின.

இனி தமிழ். ‘தளபதி’யில் தளம் என்பது படை, பதி என்பது தலைவன். மதுரை நாயக்கர் ஆட்சியில் இதே பொருளில் ‘தளவாய்’ வழங்கியது. சோழர் கல்வெட்டில் ‘சேனாபதி’. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த கிருஷ்ணன் இராமன் அப்படித்தான் குறிக்கப்படுகிறார். இவை எல்லாம் படை நடத்தும் பொறுப்பைச் சொல்பவை. ஆகவே ‘தளபதி’யைப் பொறுப்புக்கே விட்டுவிடுவது நல்லது.

தரத்துக்குத் ‘தானைத் தலைவர்’ பொருந்தும். “நிலைமக்கள் சால உடைத்தெனினும் தானை தலைமக்கள் இல்வழி இல்” என்ற குறளில் (770) ‘தானை’யும் ‘தலைமக்கள்’ என்பதும் அருகருகே நிற்கின்றன. ஆளுநர் பதவியில் வழங்கும் ‘துணைநிலை’யைச் சேர்த்தால் லெப்டினன்ட் ஜெனரல் ‘துணைநிலைத் தானைத் தலைவர்’ ஆகிறார். மேஜர் ஜெனரலுக்கு இவ்வளவு தெளிவான சொல் அமையவில்லை. அதை அப்படியே எழுதுவதே குழப்பம் தராது. அதிலுள்ள ‘ஜெனர’லைப் ‘பொது’ என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும்.

தரத்தோடு ஆண்டையும் பார்க்க வேண்டும். 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் அவர் கர்னல் வெல்லெஸ்லி. அவருக்கு ‘வெலிங்டன்’ பட்டம் 1809இல்தான் வந்தது. திப்பு மீதான போரில் ‘ஜெனரல் வெலிங்டன்’ என்று எழுதினால் தரமும் பிழை, பெயரும் பிழை.